மோதலின் ஓரத்தில் வாசிப்பறை: இராமநாதபுரக் கடற்கரையில் குழந்தைகள் நூலகம் நிலைக்க என்ன வேண்டும்

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதைக் கடந்து வந்த தமிழர்கள் முதலில் கால்வைத்தது இந்தக் கரையில். 1990இலும், 1990களின் நடுவிலும், 2006க்குப் பிறகும் போர் மூண்டபோதெல்லாம் படகுகள் வந்தன. போர் முடிந்து 13 ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் வந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நிறுத்திவைத்து நோய்ச் சோதனை செய்ய ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட மண்டபம் முகாமே அவர்களுக்கு முதல் இருப்பிடமானது.

இங்கேயே பிறந்த மீனவக் குழந்தைகளுக்கு மோதல் வேறு வடிவில் வருகிறது. 1974, 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு வகுத்தன. கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டால் தந்தை யாழ்ப்பாணம் அல்லது வவுனியா சிறையில், படகு அங்கே கரையில். மறுநாள் இராமேசுவரத்தில் வேலைநிறுத்தம், தாய் அலுவலகங்களின் வாசலில். உள்ளே போனால் முதுகுளத்தூர், பரமக்குடி பக்கம் சாதி மோதலின் நினைவுகள் இன்னும் ஆறவில்லை. 1957 கலவரமும் 2011 செப்டம்பர் 11 துப்பாக்கிச்சூடும் அந்த ஊர்களின் நடப்புக் காலத்திலேயே இருக்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன், அக்டோபர் 30 முத்துராமலிங்கத் தேவர் நினைவு நாள்களை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது.

இந்த மூன்று வகைக் குழந்தைகளுக்கும் பொதுவான இழப்பு ஒன்று உண்டு. நாளை என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளி இருக்குமா, அப்பா திரும்புவாரா, வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்களா, பேருந்து ஓடுமா என்று எதற்கும் உறுதி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நூலகம் செய்யும் முதல் சேவை, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறப்பது. அறை, அலமாரி, நூல் தேர்வு, விதிகள் என்று எல்லா முடிவையும் அந்தக் கதவை முன்வைத்தே எடுக்கவேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் என்று அறிவித்து மூன்று நாள் திறப்பதைவிட, மூன்று நாள் என்று அறிவித்து மூன்று நாளும் தவறாமல் திறப்பது நல்லது.

உலகில் இந்த வேலையைச் செய்தவர்களின் பட்டறிவும் இதைத்தான் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிக் கிடந்த ஜெர்மனியில் யெல்லா லெப்மன் 1946இல் பல நாட்டுக் குழந்தை நூல்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார். அந்தத் திரட்டைக் கலைக்காமல் 1949இல் மியூனிக் நகரில் நிலையான நூலகமாக்கினார். எல்லைகளற்ற நூலகங்கள் என்ற பிரெஞ்சு அமைப்பு 2014இல் புருண்டி நாட்டு ஏதிலி முகாம்களில் இறக்கிய ‘ஐடியாஸ் பாக்ஸ்’, 20 நிமிடத்துக்குள் விரித்து வைக்கக்கூடிய பெட்டி நூலகம். காபூலில் 2018இல் தொடங்கிய ‘சார்மக்ஸ்’ பழைய பேருந்துக்குள் நூலகம் நடத்தியது. விரைவாகப் போய்ச் சேரப் பெட்டியும் பேருந்தும் நல்ல வழிகள். ஆனால் பெட்டி வந்த பிறகு அதை யார் நாள்தோறும் திறப்பார், யார் சம்பளம் கொடுப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இராமநாதபுரத்தில் அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்த நூலகத்தை அமைக்க, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொல்லியிருந்தார். மறுபடி திறக்க 2003 ஆனது. வேறு படியே இல்லாத பல ஏடுகள் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் அந்த இழப்பை மீட்க முடியாததாக்கியது. குழந்தைகள் நூலகத்துக்கும் இது பொருந்தும். 2,000 நூல்களை ஒரே கட்டடத்தில் குவிப்பதைவிட, 500 நூல்கள் கொண்ட நான்கு சிறு நூலகங்களாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 நூல்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. குழந்தைகளுக்கும் புது நூல் வந்துகொண்டே இருக்கும். நூல் பதிவேட்டின் படி ஒன்று வேறு ஊரிலும் இருக்கவேண்டும்.

எந்த இடத்தில்?

இடத்தேர்வில்தான் பெரும்பாலான முயற்சிகள் முதல் மாதத்திலேயே பாதி வாசகரை இழக்கின்றன. கோயில் மண்டபம், தேவாலய வளாகம், பள்ளிவாசலைச் சேர்ந்த கூடம், ஒரு சமுதாயத்தின் சாவடி ஆகியவை இலவசமாகக் கிடைக்கும். கொடுப்பவர்களின் மனமும் நல்ல மனம்தான். ஆனால் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் ஒரே தெருவில் பல சமயக் குழந்தைகள் வாழ்கிறார்கள். ஒரு தரப்பின் கூடத்துக்குள் மற்றத் தரப்புக் குழந்தையை வீட்டில் அனுப்பமாட்டார்கள். தடுக்கவும் மாட்டார்கள். குழந்தை தானாகவே நின்றுவிடும். உள்நாட்டு ஊர்களில் இது இன்னும் கூர்மையானது. நூலகத்துக்குப் போகும் வழி எந்தத் தெருவைக் கடக்கிறது என்பதைக் காலால் நடந்து பார்க்கவேண்டும். வரைபடத்தில் 200 மீட்டர் என்று தெரிவது, ஒரு தெருப் பிள்ளைக்குக் கடக்கவே முடியாத தூரமாக இருக்கலாம். இரண்டு தெருவுக்கும் பொதுவான இடங்களான அரசுப் பள்ளி, ஊராட்சிக் கட்டடம், மீன் ஏலக்கூடத்தை ஒட்டிய அறை, புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றையே முதலில் தேடவேண்டும்.

புயல் பாதுகாப்பு மையங்கள் இந்தக் கரையில் கிடைக்கும் மிக உறுதியான கட்டடங்கள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. அங்கே நூலகம் வைக்க அனுமதி கேட்கலாம், ஒரு நிபந்தனையோடு. எச்சரிக்கை வந்தால் இரண்டு மணி நேரத்தில் அறை முழுவதும் மனிதர்களுக்காகக் காலியாகவேண்டும். ஆகவே அங்கே சுவரில் பதித்த அலமாரி கூடாது. சக்கரம் வைத்த தாழ்ந்த அடுக்குகளும் மூடியுள்ள பெட்டிகளும் மட்டுமே இருக்கலாம்.

300 சதுர அடி அறையில் 25 குழந்தைகள் தரையில் அமர்ந்து வாசிக்கலாம். ஜன்னல் இரண்டு பக்கமும் வேண்டும். உள்ளே நடப்பது வெளியே தெரியவேண்டும், இது காற்றைப் போலவே பாதுகாப்புக்கும் தேவை. கழிப்பறையும் குடிநீரும் இல்லாத இடத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் நிலைக்கமாட்டார்கள். நூல் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்தாவது முதலில் கழிப்பறைக் கதவைச் சரிசெய்யவேண்டும்.

முகாமுக்குள் வெளியார் நுழைய அரசின் அனுமதி தேவை. மறுவாழ்வுத் துறை, வருவாய்த் துறை வழியாக எழுத்துப்பூர்வமாகப் பெறவேண்டும். அனுமதி தாமதமானால் முகாமுக்கு வெளியே, முகாம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் திறப்பது மேலான வழி என்றே சொல்லலாம். முகாமுக்குள் மட்டும் நடக்கும் நூலகம், வேலிக்குள் இன்னொரு வேலியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. நூலகப் பலகையிலும் பதிவேட்டிலும் அகதி என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

எந்த நேரத்தில்?

பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. இந்த மூன்று-நான்கு நாள் முறைதான் கரையூர்களின் வாரத்தை ஆள்கிறது. படகு திரும்பும் காலையில் பெரிய பிள்ளைகள் வலையில் மீன் கழிக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் வீட்டில் தேவைப்படுவார்கள். அந்த நாளில் காலை நேரம் வைத்தால் அறை காலியாக இருக்கும். பள்ளி நாள்களில் மாலை 4.30 முதல் 6.15 வரை பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் 6 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுவதால் 5.45க்கே மூடவேண்டும். முகாமில் ஆள்கணக்குத் தணிக்கை நடக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, அந்த நேரத்தைத் தவிர்க்கவேண்டும்.

புதிதாகத் திறக்கச் சிறந்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள் வருகிறது. ஆண்கள் கரையில் இருப்பதால் அலமாரி செய்யவும் கூரை சரிபார்க்கவும் கை கிடைக்கும், தந்தையும் பிள்ளையோடு வந்து உட்கார்வார். வருமானம் குறைந்த காலமும் அதுதான் என்பதால் கட்டணம் என்ற பேச்சே எழக்கூடாது.

தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து வரும் பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்பக்கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு பாயும், கெட்டி அட்டைப் படநூல்கள் பத்தும் மூலையில் இருந்தால், எட்டு வயது அக்காள் ஒரு மணி நேரம் வாசிக்க முடியும். வயது வரம்பு வைத்த நூலகங்கள் இந்தக் கரையில் முதலில் இழப்பது இந்த அக்காள்களைத்தான்.

விதிகள்

முகவரிச் சான்று, காப்புத்தொகை, பொறுப்பேற்பவர் கையெழுத்து என்ற மூன்றும் பெரியவர்களின் நூலகத்தில் இயல்பான நடைமுறை. முகாம் பிள்ளைக்கு முதலாவது இல்லை, பிடிபட்ட படகுக்காரர் வீட்டில் இரண்டாவது இல்லை, தாயும் தந்தையும் பிழைப்புக்காக வெளியூரில் இருக்கும் வீட்டில் மூன்றாவது இல்லை. குழந்தைகள் பகுதிக்குப் பெயர், வகுப்பு, ஓர் எண் போதும். தந்தையின் தொழில், படகு எண், முகாம் பதிவு எண், சாதி எதையும் எழுதக்கூடாது. எழுதாத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

ஒரு முறைக்கு ஒரு நூல், ஒரு வாரம். தொலைந்தால் தண்டம் வேண்டாம். தண்டம் போட்டால் நூலும் வராது, பிள்ளையும் வராது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு நூல்கள் கிழிந்தும் தொலைந்தும் போகும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டால் மனம் கசக்காது. வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போகும் பிள்ளைக்கு, கையில் உள்ள நூலை அப்படியே கொடுத்து, பதிவேட்டில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி முடிக்கவேண்டும்.

தடையுத்தரவு நாள்களுக்கு ஒரு தனி ஏற்பாடு. தேதி முன்பே தெரியும் என்பதால், முந்தைய வாரமே ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நூல்களாகக் கொடுத்தனுப்பலாம். கதவு மூடியிருக்கும் நாளிலும் நூலகம் வீடுகளுக்குள் திறந்திருக்கும். புயலுக்கு இதற்கு நேர்மாறு: வீடுகளில் உள்ள நூல்களைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

எந்த நூல்கள், எத்தனை?

100 குழந்தைகளுக்கு 500 நூல்கள் நல்ல தொடக்கம். படநூல்கள் 200, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு 150, தொடர்ந்து வாசிப்பவர்களுக்கான கதைகள் 80, அறிவியலும் கடலும் 50, அகராதி, நிலப்பட நூல் போன்ற பார்வை நூல்கள் 20. சராசரி விலை 80 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய் ஆகும். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கும் நூல்களில் மூன்று படிகளாவது வேண்டும். எல்லாமே ஒற்றைப் படி என்றால் சண்டைதான் மிஞ்சும்.

நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் ஆகியவற்றில் தமிழ்ப் படநூல்கள் கிடைக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் உள்ள கதைகளைப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் அமைந்தவை. இந்தப் படிநிலையையே நூலகம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டு, முதுகில் நான்கு வண்ணப் பொட்டு ஒட்டினால் ஆறு வயதுப் பிள்ளையும் தனக்குரிய அடுக்கைக் கண்டுபிடிக்கும். எண்முறை வகைப்பாடு இந்த அளவு நூலகத்துக்குத் தேவையில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்குச் சந்தா கட்டவேண்டும். மாதம் ஒருமுறை புதிதாக ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பு மிக முக்கியம்.

ஈழத் தமிழ் வழக்கில் எழுதப்பட்ட சிறுவர் நூல்களும் இருக்கவேண்டும். இலங்கைத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தின் திரட்டில் தேடி, உரிமை பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் பிறந்த முகாம் பிள்ளை, வீட்டில் அம்மம்மா பேசும் பேச்சை அச்சில் பார்க்கும்போது காட்டும் ஆர்வம் வேறு. ஊர்ப் பிள்ளைகளும் அதை விரும்பிப் படிக்கிறார்கள். அதேபோல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், கடல்பசுவும், பவளப்பாறையும், வடகடல் தென்கடல் மீன்களும் உள்ள நூல்கள் வேண்டும். அவை குறைவு. பிள்ளைகளையே மீன் பெயர்களை எழுதவும் வரையவும் வைத்து, கையால் தைத்து, பதிவேட்டில் எண் போட்டு அலமாரியில் வைத்தால் அதுவும் நூலகத்தின் நூல்தான்.

நன்கொடை நூல்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பழைய பாடநூல், நோட்ஸ், கிழிந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம், நுழைவுத்தேர்வு வழிகாட்டி என்று மூட்டை மூட்டையாக வரும். பெற்றுக்கொண்டால் அறை நிறையும், பிள்ளைகள் குறைவார்கள். நமக்கு வேண்டிய நூல்களின் பட்டியலை முதலில் வெளியிட்டு, அதிலிருந்து வாங்கித் தரச் சொல்வது இருவருக்கும் மரியாதை. ஒரு சமயத்தின் அல்லது கட்சியின் பரப்புநூல்களை, எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும், வாங்கக்கூடாது. போரைப் பற்றிய கதைகளையே தேடித்தேடி வைப்பதும் தவறு. குண்டு விழுந்ததைப் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கும் யானைக் கதையும் சிரிப்புக் கதையும் வேண்டும். அதைக் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு.

உப்புக்காற்றும் மழையும்

இரும்பு அலமாரிதான் எல்லோரும் முதலில் வாங்குவது. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் அது ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், துரு நூலின் முதுகில் ஏறும். கடல்நீர் தாங்கும் பிளைவுட், நல்ல வேப்பம்பலகை, அலுமினியச் சட்டம் ஆகியவை தாங்கும். உயரம் 4 அடிக்கு மேல் வேண்டாம், மூன்று அடுக்கு போதும். கீழடுக்கு தரையிலிருந்து ஓர் அடி மேலே. படநூல்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை முகம் தெரிய நிறுத்தவேண்டும், எழுத்தறியாத பிள்ளை அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கும். கண்ணாடிக் கதவும் பூட்டும் தேவையில்லை. நூல்கள் பயன்பாட்டுக்கே என்று இரங்கநாதன் 1931இல் வகுத்த முதல் விதி, பூட்டிய பீரோவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்து மணலும், வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து சாரலும் வரும். அதனால் அலமாரிகளைச் சுவரை ஒட்டாமல் அறையின் நடுவில் முதுகோடு முதுகாக நிறுத்துவது இரண்டு காலத்துக்கும் ஏற்றது. சுவரோரம்தான் வேண்டும் என்றால் ஆறு அங்குல இடைவெளி விடவேண்டும். ஜன்னலுக்கு நுண்வலை அடிக்கவேண்டும்.

குழந்தை நூல்களில் பெரும்பாலானவை நடுவில் பின் அடித்தவை. இந்தக் கரையில் நூலைக் கெடுப்பதில் முதலிடம் அந்தப் பின்னுக்குத்தான். துரு பரவி நடுத்தாள் பழுப்பேறி, பிறகு மொத்தமாகக் கழன்றுவிடும். நூல் வந்த வாரமே பின்னை எடுத்துவிட்டுத் தைத்துவிடவேண்டும். மழுங்கிய கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி வெளியே எடுக்கவும். மடிப்பில் ஊசியால் மூன்று துளைகள், ஒன்று நடுவில், மற்றவை அதிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி மேலும் கீழும். மெழுகு தடவிய பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளை வழியாக உள்ளே இழுத்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேற்றி, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளத் தையலின் இரு பக்கமும் நுனிகள் வரும்படி முடிச்சுப் போடவும். வலை நரம்பு எளிதில் கிடைக்கிறதே என்று அதைப் பயன்படுத்தக்கூடாது, அது காகிதத்தை அறுத்துவிடும். வலை பின்னத் தெரிந்த கைகளுக்கு ஒரு நூல் தைக்க ஐந்து நிமிடம்தான். ஊர்ப் பெண்கள் நான்கு பேர் ஒரு வாரத்தில் 500 நூல்களை முடித்துவிடலாம், கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலை இது.

காற்றில் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாரம் இருமுறை ஒவ்வொரு நூலையும் எடுத்து விரித்து, உலர்ந்த துணியால் துடைத்து, நெருக்காமல் வைக்கவேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் இறுக்கமாகப் பிளாஸ்டிக் உறை போடுவது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அலமாரியில் அந்துருண்டை போடக்கூடாது, நாப்தலீன் குழந்தைகளுக்குக் கேடு. வசம்பு, வேப்பிலை பூச்சியை ஓரளவு விலக்கும், ஏற்கெனவே புகுந்த இராமபாணத்தையும் அந்துப்புழுவையும் கொல்லாது. அதற்கு இந்தக் கரையிலேயே ஒரு வசதி உண்டு. பூச்சி பிடித்த நூல்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மீன் ஏற்றுமதிக் குளிர்பதனக் கிடங்கில் -20 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்த பிறகு, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் பையைப் பிரிக்கக்கூடாது. பனிக்கட்டிப் பெட்டியின் குளிர் போதாது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுதான் நூலகத்துக்கும் கட்டளை. 1, 2ஆம் எண்கள் தொலைவில் உருவானதைக் குறிப்பவை, அப்போது பெட்டிகளை எண்ணிப் பார்த்து வைக்கலாம். 3ஆம் எண் ஏறினால் கொடுத்த நூல்களைத் திரும்பச் சேர்த்து, கீழடுக்கைப் பெட்டிக்கு மாற்றவேண்டும். 5க்கு மேல் போனால் எல்லாம் பெட்டிக்குள், மூடியில் நாடா ஒட்டி, கட்டடத்தின் மேடான உள்ளறையில். 50 லிட்டர் மூடிப் பெட்டியில் 60 முதல் 80 படநூல்கள் கொள்ளும், ஆகவே 500 நூல்களுக்கு எட்டுப் பெட்டிகள். நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தவேண்டும், தாமதித்தால் பூஞ்சணம். நேர்வெயில் கூடாது, மின்விசிறிக் காற்றில் விசிறிபோல் விரித்து நிறுத்தவேண்டும். பளபளப்புத் தாள் நூல்கள் காய்ந்தால் பாளமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈரமாக இருக்கும்போதே தாள்களுக்கு இடையில் செய்தித்தாள் நுழைக்கவேண்டும்.

நூலகரின் வேலை, நூலகர் செய்யக்கூடாத வேலை

அந்த ஊரிலேயே பிறந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இருவர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஒருவர் வராத நாளில் மற்றவர் கதவைத் திறப்பார், குழந்தையோடு எந்த நேரத்திலும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியே இருக்கும் நிலையும் வராது. மாதச் சம்பளம் இல்லாமல் தன்னார்வத்தை நம்பித் தொடங்கிய நூலகம் பெரும்பாலும் ஆறாவது மாதத்தில் மூடும். காரணம் மனம் குறைவது அல்ல. அந்தப் பெண்ணுக்கு இறால் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிடும், அவ்வளவுதான். பட்ஜெட் போடும்போது சம்பளத்தை முதல் வரியில் எழுதி, மீதியில் நூல் வாங்கவேண்டும்.

நாள்தோறும் 15 நிமிடம் உரக்க வாசித்தல், பிறகு தாமாக வாசித்தல், கடைசிப் பத்து நிமிடம் நூல் மாற்றல். இந்த வரிசை மாறக்கூடாது. பிள்ளைகள் ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்டால் பத்தாவது முறையும் வாசிக்கவேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதை அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

“உன் அப்பாவைப் பிடித்தபோது எப்படி இருந்தது?” என்று கேட்பதும், போரை வரையச் சொல்வதும் நூலகரின் வேலை கிடையாது. பயிற்சி இல்லாமல் காயத்தைத் திறப்பவருக்கு அதை மூடத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்று படிகளைச் சொல்கிறது. பிள்ளை தானாகப் பேசினால் கேட்கவேண்டும். தூக்கம் கெட்டிருந்தால், பேச்சு நின்றிருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மாவட்ட மனநலத் திட்டத்துடன் இணைக்கவேண்டும். துன்புறுத்தல் தெரியவந்தால் 1098. இந்த எண் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதியிருக்கட்டும்.

ஒளிப்படம் எடுக்கவேண்டாம். நிதி கொடுத்தவர் கேட்டாலும் காலி அறையின், அலமாரியின் படத்தை அனுப்பலாம். அக்கரையில் இன்னும் உறவினர் உள்ள பிள்ளையின் முகம் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

யாருடைய நூலகம்?

தொண்டு நிறுவனத்தின் திட்டக் காலம் ஒன்றோ இரண்டோ ஆண்டுகள். அதன் பிறகு மூடப்படும் நூலகம் பிள்ளைகளுக்கு இன்னொரு கைவிடல். இங்கேதான் 1948ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் துணைக்கு வருகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுப்பது உள்ளாட்சிகளின் கடமை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்ற படிகளில் பகுதிநேர நூலகம்தான் நுழைவாயில். வாடகையில்லாத கட்டடம், ஊராட்சித் தீர்மானம், தொடக்க நூல்கள், உறுப்பினர் பட்டியல், புரவலர்கள் ஆகியவற்றோடு மாவட்ட நூலக அலுவலரிடம் விண்ணப்பிக்கவேண்டும்.

இதற்கான பதிவுகளை முதல் நாளிலிருந்தே அரசு நூலகப் பாணியில் வைத்திருந்தால் கைமாற்றம் எளிது: நூல் வரவுப் பதிவேடு, நூல் வழங்கும் பதிவேடு, நாள்வாரி வருகை எண்ணிக்கை, திறந்த நேரம் மூடிய நேரம். கைமாற்றக் கடிதத்தில் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். குழந்தைகளிடம் காப்புத்தொகையும் முகவரிச் சான்றும் கேட்பதில்லை என்பது ஒன்று. மாலை நேரம் மாறாது என்பது இன்னொன்று. ஏற்கெனவே பணியாற்றும் உள்ளூர்க்காரர் இருவரில் ஒருவராவது தொடர்வார் என்பது மூன்றாவது. வாசகர் வட்டத்தில் முகாமிலிருந்து ஒரு தாய், மீனவர் தரப்பிலிருந்து ஒருவர், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர் என்று பெயர்களை அந்தக் கடிதத்திலேயே இணைக்கலாம். விண்ணப்பத்தை உள்ளாட்சி நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலுக்கு முன், ஜனவரியிலேயே கொடுத்துவிட்டால், அடுத்த தடைக்காலத்துக்குள் ஆணை வர வாய்ப்புண்டு.